பூங்காவுக்குள் ஒரு வீடு: உடனுறைப் பராமரிப்பாளரின் மதிப்பு என்ன?

கேள்வி

ஒரு பேட்டைப் பூங்கா எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதை அறிய அதன் குழாயடியைப் பார்த்தால் போதும். வாஷர் தேய்ந்து நீர் சொட்டத் தொடங்குகிறது. மாற்றுவதற்குச் சில ரூபாயும் ஐந்து நிமிடமும் போதும். காலையில் நடக்க வருபவர்கள் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். யாரிடம் சொல்வதென்று எவருக்கும் தெரிவதில்லை. சில வாரங்களில் குழாயைச் சுற்றிச் சேறு, சேற்றில் கொசு. யாரோ துணி சுற்றிக் கட்டுகிறார்கள். கடைசியில் இணைப்பே துண்டிக்கப்படுகிறது. அடுத்த கோடையில் அந்த மூலையில் செடி இருப்பதில்லை, குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீரும் இருப்பதில்லை. பிறகொரு நாள் 'பூங்கா மேம்பாடு' என்ற பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்.

பூங்காவுக்குள்ளேயே ஒருவர் குடியிருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும் என்று பலரும் நம்புகிறோம். முன்பு சில பூங்காக்களில் ஓட்டு வீடோ ஒற்றை அறையோ இருந்தது. அதில் தோட்டக்காரர் குடும்பத்தோடு இருந்தார் என்பதைப் பழைய குடியிருப்பாளர்கள் ஏக்கத்தோடு நினைவுகூர்வதையும் கேட்கிறோம். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உடனுறைப் பராமரிப்பாளரால் கிடைப்பதாகச் சொல்லப்படும் நன்மைகளில் அவர் அங்கே வாழ்வதால் வருபவை எவை? அவருக்குக் கொடுக்காமல் விட்ட கூலியால் வருபவை எவை? இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அந்த ஏக்கத்தை ஒரு கொள்கையாக மாற்றுவது ஆபத்து.

வீடு வைத்துக் கட்டிய தோட்டங்கள்

தோட்டத்தையும் அதைப் பேணுபவரின் பிழைப்பையும் ஒருசேர யோசிப்பது நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகள் 'திருநந்தவனப்புறம்' என்று ஒரு நிலவகையைக் குறிக்கின்றன. விளக்கெரிக்கத் திருவிளக்குப்புறம் போல, கோயிலின் பூந்தோட்டத்தைப் பேணுவதற்கென விடப்பட்ட நிலம் அது. பூச்செடி வைப்பதோடு கொடை முடிந்துவிடவில்லை. செடிக்கு நாளும் நீர் இறைப்பவருக்கான வருவாயும் சேர்த்தே யோசிக்கப்பட்டது. ஆனால் நந்தவனத்தை இன்றைய பூங்காவின் மூதாதை என்று சொல்லிவிட முடியாது. அது இறைவனின் மாலைக்கானது, ஊரார் உலாவுவதற்கானதல்ல. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பராமரிப்பு என்பது ஒரு முறை செய்யும் செலவல்ல, தொடர்ந்து வரும் வருவாயோடு பிணைக்க வேண்டியது என்ற புரிதலை மட்டுமே.

பொதுப் பூங்காவுக்குள் பராமரிப்பாளர் குடியிருந்த வரலாறு நன்கு பதிவாகியுள்ள நாடு இங்கிலாந்து. டெர்பி நகரில் ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளி ஊருக்குக் கொடையளித்த மரத்தோட்டம் 1840-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜே. சி. லௌடன். வாசலில் காவல்மனைகள் அத்திட்டத்தின் பகுதியாகவே இருந்தன; வருவோர் இளைப்பாறவும் அவற்றில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1847-இல் திறக்கப்பட்ட பர்க்கன்ஹெட் பூங்காவுக்கு ஜோசப் பாக்ஸ்டன் வகுத்த திட்டத்தில் வாசலுக்கு வாசல் வெவ்வேறு பாணியில் மனைகள் எழுந்தன. 1850-இல் அந்தப் பூங்காவைப் பார்த்து வியந்த பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் பின்னர் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவைக் கட்டியபோது, பூங்காக் காவலர்களின் முதற்கடமை இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று மக்களுக்குச் சொல்லித் தருவது என்பதில் உறுதியாக இருந்தார்.

இந்த ஏற்பாடு குலைந்த விதம் கவனிக்கத் தக்கது. அது ஒரே ஆணையில் ஒழிக்கப்படவில்லை. 1974-இல் இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் சீரமைக்கப்பட்டபோது தனித்திருந்த பூங்காத் துறைகள் பெரிய பொழுதுபோக்குத் துறைகளுக்குள் கரைந்தன. 1988-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் புல்வெட்டுதல் உள்ளிட்ட நிலப் பராமரிப்பைக் கட்டாயமாக ஏலப் போட்டிக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் எழுத வேண்டுமானால் வேலையை அளக்க வேண்டும். எத்தனை சதுர மீட்டர் புல், எத்தனை முறை வெட்டு என்று அளக்கலாம். அழும் குழந்தையின் தாயைத் தேடுவதையும், மாலையில் கதவைச் சாத்துமுன் ஒரு சுற்று நடப்பதையும் எந்தப் பத்தியில் எழுதுவது? எழுத முடியாத வேலைகள் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றன. வெளியே நின்றவை செய்யப்படவில்லை. வண்டியில் வந்து வெட்டிவிட்டுப் போகும் குழுக்கள் பூங்காக் காவலரின் இடத்துக்கு வந்தன. காவல்மனைகள் பல இடங்களில் தனியாருக்கு விற்கப்பட்டன.

1999-இல் நாடாளுமன்றத் தேர்வுக் குழுவொன்று நகரப் பூங்காக்களின் சீரழிவை விரிவாகப் பதிவு செய்தது. 2005-இல் அரசு சார்ந்த கேப் ஸ்பேஸ் அமைப்பு, முக்கியமான பூங்கா ஒவ்வொன்றிலும் பகல் முழுவதும் அங்கேயே இருக்கும் பணியாளர் வேண்டும் என்று இயக்கம் நடத்தியது. அதன் தாய் அமைப்பே 2011-இல் அரசு நிதியை இழந்து வேறொன்றில் கரைந்துபோனது.

கனடாவின் வான்கூவரில் வேறொரு திருப்பம். அங்கே பூங்காக்களின் விளையாட்டுக் கூடங்களை ஒட்டி வீடுகள் இருந்தன. அவற்றில் குடியிருந்தவர்கள் கழிப்பறைகளைத் திறந்து பூட்டி இடத்தைப் பார்த்துக்கொண்டார்கள். காலப்போக்கில் அந்த முறை கைவிடப்பட்டது. காலியான வீடுகளைப் பூங்கா வாரியம் கலைஞர்களுக்குப் பணியிடமாகக் கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து கலைப் பணி செய்ய வேண்டும். வீட்டைப் பூட்டி வைப்பதைவிட இது நல்லதே. ஆனால் இரவில் அங்கே எவரும் தூங்குவதில்லை.

'காவல்' என்னும் பதில்

உடனுறைப் பராமரிப்பாளரால் என்ன பயன் என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் சொல் பாதுகாப்பு. நம் ஊரில் அவரை 'வாட்ச்மேன்' என்றுதான் அழைக்கிறோம். அந்தப் பெயரே பதிலைத் தீர்மானித்துவிடுகிறது.

இதற்கு ஆதரவான சிந்தனை மரபு ஒன்று உண்டு. லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் பெல்சனும் 1979-இல் முன்வைத்த கருத்தின்படி, குற்றம் செய்ய விரும்புபவர், அதற்கேற்ற இலக்கு, தடுக்கக்கூடியவரின் இன்மை ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் குற்றம் நிகழ்கிறது. பின்னர் ஜான் எக், இடத்தைப் பொறுப்பேற்று நிர்வகிப்பவர் என்ற கருத்தைத் தனியே வளர்த்தெடுத்தார். நெதர்லாந்தில் 1980-களின் நடுவில் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் நகரங்களின் டிராம்களில் வேலையற்றிருந்த இளைஞர்கள் பெருமளவில் கண்காணிப்புப் பணியாளர்களாக அமர்த்தப்பட்டார்கள். டிக்கெட் இல்லாப் பயணம் குறைந்தது. பொது இடத்தில் பொறுப்புள்ள மனிதர் ஒருவரைக் கண்ணில் படும்படி வைத்தால் நடத்தை மாறும் என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால் டிராம் பூங்காவல்ல. டிராமில் ஏறுபவர் எல்லாரும் ஒரு கதவைக் கடந்தாக வேண்டும். பூங்காவில் ஒருவர் ஒரு மூலையில் களை பிடுங்கும்போது மறு மூலை அவர் பார்வையில் இல்லை. இன்னும் ஆழமான எதிர்ப்பு ஜேன் ஜேக்கப்ஸிடமிருந்து வருகிறது. 1961-இல் வெளியான தம் நூலில், பூங்காவின் உயிர் அதற்குள்ளிருந்து வருவதில்லை, சுற்றியிருக்கும் தெருக்களிலிருந்து வருகிறது என்று வாதிட்டார். பிலடெல்பியாவின் ரிட்டன்ஹவுஸ் சதுக்கம் நாள் முழுதும் ஆளோடு இருப்பதற்குக் காரணம், அதைச் சுற்றி வெவ்வேறு வேலையுள்ளவர்கள் வெவ்வேறு நேரத்தில் நடமாடுவதே. அலுவலகம் மட்டும் சூழ்ந்த பூங்காவில் எத்தனை காவலரை வைத்தாலும் மாலை ஆறு மணிக்கு மேல் அது பாழிடம்தான்.

ஒழுங்கின்மையே குற்றத்தை வரவழைக்கிறது என்று 1982-இல் வில்சனும் கெல்லிங்கும் எழுதிய 'உடைந்த ஜன்னல்' வாதத்தையும் பராமரிப்புக்கு ஆதரவாக எடுப்பதுண்டு. சிகாகோவில் ஆய்வு செய்த சாம்சனும் ராடன்புஷும் 1999-இல் அந்தத் தொடர்பு நினைப்பதைவிடப் பலவீனமானது என்றும், அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பித் தலையிடும் திறனே முக்கியம் என்றும் காட்டினார்கள்.

ஆகவே குற்றத்தடுப்பை வைத்து மட்டும் உடனுறைப் பராமரிப்பாளரை நியாயப்படுத்த முடியாது. அப்படி நியாயப்படுத்துகிறவர்களுக்கு மலிவான மாற்று ஒன்று காத்திருக்கிறது: கேமரா. காவல்தான் வேலையென்றால் கம்பத்தில் ஒரு கேமரா போதுமே என்று எந்தப் பொறியாளரும் சொல்வார். அவருக்கு நம்மிடம் பதில் இருக்காது.

கழிக்க வேண்டிய கணக்கு

அடுத்து வருவது செலவு. 'ஒரு அறை கொடுத்தால் போதும், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கும்' என்ற வாக்கியத்தைக் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் கேட்காதவர் குறைவு. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒரு தொழிலாளி வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம் என்று கொண்டால், ஓர் இடத்தில் எப்போதும் ஒருவர் பணியில் இருக்க மூன்றரைப் பேர் தேவை. அந்த மூன்றரைப் பேரின் வேலையை ஒருவரின் சம்பளத்தில் வாங்கிக்கொள்வதுதான் அந்த வாக்கியத்தின் பொருள். உண்மையில் அது அவர் ஒருவரின் வேலை மட்டும் அல்ல. அவர் மனைவி கழிப்பறையைக் கழுவுகிறார், காலையில் சருகு கூட்டுகிறார். பள்ளி விட்டு வந்த பிள்ளை கதவைப் பூட்டுகிறது. இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வேலை போனால் அன்றே வீடும் போகும் என்பதால் அவரால் கூலியைப் பற்றிக் கேட்கவும் முடியாது. ஒப்பந்ததாரர் மாறினால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே உடனுறைப் பராமரிப்பாளரின் 'மதிப்பு' என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பங்கு, கொடுபடாத கூலி. அதைக் கழித்தே ஆக வேண்டும். அவருக்கு எட்டு மணி நேர வேலை, வார விடுப்பு, நியாயமான சம்பளம், விடுப்பு நாளுக்கு மாற்று ஆள் எல்லாம் கொடுத்த பிறகு, அவர் அங்கே *வாழ்வதால்* பூங்காவுக்கு ஏதாவது எஞ்சுகிறதா? எஞ்சாவிட்டால் வீடு தேவையில்லை. காலையில் வந்து மாலையில் போகும் தோட்டக்காரரே போதும்.

இந்த ஐயத்தை வலுப்படுத்தும் எடுத்துக்காட்டு சென்ட்ரல் பூங்காவிலேயே இருக்கிறது. 1970-களில் சீரழிந்து கிடந்த அதை, 1980-இல் தொடங்கப்பட்ட பாதுகாப்பு அமைப்பு மீட்டெடுத்தது. பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தோட்டக்காரரின் தனிப் பொறுப்பில் விட்டார்கள். அவர்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. எந்தச் செடி வாடினாலும் இன்னாரைக் கேட்கலாம் என்ற நிலை ஒன்றே பெரும் மாற்றத்தைத் தந்தது. குழாயடிச் சங்கிலியின் பெரும்பகுதியை அறுப்பது பெயர் சொல்லக்கூடிய பொறுப்புத்தான், குடியிருப்பு அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எஞ்சுவது

அப்படியும் எஞ்சுவது உண்டு என்பதே என் முடிவு. அதை மூன்று இடங்களில் காண்கிறேன்.

ஒன்று, நேரம். பூங்காவுக்கு முக்கியமானவை அலுவலக நேரத்துக்கு வெளியே நடக்கின்றன. முதியவர்கள் ஐந்து மணிக்கே வாசலில் நிற்கிறார்கள். கோடையில் செடிக்கு நீர் விட ஏற்ற பொழுது விடியலும் அந்தியும். மழை இரவில்தான் வடிகால் அடைக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்த இளமரத்தின் வேர் காய்வதற்குள் மண் அணைத்து, கிளை குறைத்து, முட்டுக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. தெருக்களெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது வெளியிலிருந்து வரவேண்டிய குழு வந்து சேர்வதற்குள் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். இத்தகைய நேரங்களை வேலை நேரமாகக் கணக்கிட்டு ஊதியம் தரலாம். ஆனால் அங்கேயே இருப்பவரிடம்தான் அந்த நேரங்களைக் கேட்க முடியும்.

நெடுங்காலமாகச் சென்னையின் பூங்காக்களை நண்பகலில் பூட்டி வைத்த வழக்கத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நிழல் மிகவும் தேவைப்படும் பொழுதில் நிழல் பூட்டிக் கிடந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணம். மதியம் திறந்திருக்கும் பூங்கா கட்டடத் தொழிலாளிக்கும், வீடு வீடாகப் பொருள் கொண்டு தருபவருக்கும், ஒற்றை அறை வீட்டில் வேனலில் வேகும் கிழவிக்கும் எவ்வளவு பெரிய உதவி! உடனுறைப் பராமரிப்பாளரின் பயனை அளக்க ஒரே ஓர் அளவுகோலைத்தான் எடுக்கலாம் என்றால் நான் இதையே எடுப்பேன்: அவரால் பூங்கா எத்தனை மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கிறது?

இரண்டு, அறிவு. எந்த வேம்பில் எந்த மாதம் கரையான் ஏறும், எந்த மூலையில் நீர் தேங்கும், எந்தச் சிறுவன் வீட்டில் அடி வாங்கிவிட்டு ஊஞ்சலில் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பதெல்லாம் பல பருவங்கள் ஒரே இடத்தில் வாழ்ந்தவருக்கே தெரியும். ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் ஆள் மாறும் ஏற்பாட்டில் இந்த அறிவு ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

மூன்றாவது, எனக்கு முக்கியமானது: அவர் அயலார் ஆகிறார். அதே மளிகைக் கடையில் வாங்குகிறார்; அவர் பிள்ளை அதே பள்ளிக்குப் போகிறது. நியூயார்க்கின் சிறு சதுக்கங்களைப் படமெடுத்து ஆராய்ந்து 1980-இல் நூலாக்கிய வில்லியம் எச். வொய்ட், நன்றாக இயங்கும் இடங்களில் எல்லாரையும் அறிந்த ஒருவர் இருப்பதைக் கவனித்து, அவரை அந்த இடத்தின் 'மேயர்' என்றார். சில நேரம் அவர் கட்டடக் காவலாளியாக இருப்பார், சில நேரம் கடைக்காரர். சாம்சனும் ராடன்புஷும் சொன்ன அக்கம்பக்கத்தாரின் தலையிடும் திறன், அதைச் சேர்த்துப் பிடிக்க இத்தகைய ஒருவர் இருக்கும்போது எளிதில் செயல்படுகிறது. தனியாக நடக்கும் பெண் அந்தியில் பூங்காவுக்குள் நுழையலாமா என்று முடிவெடுப்பது கேமராவைப் பார்த்தல்ல. உள்ளே ஒரு வீட்டில் விளக்கெரிவதும், திண்ணையில் ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டிருப்பதும் அவளுக்குச் சொல்லும் செய்தியைக் கம்பத்துக் கருவி சொல்லாது.

யாருக்குப் பதில் சொல்பவர்?

இந்த மூன்றும் தானாக விளைந்துவிடாது. ராபர்ட் வேட் 1988-இல் எழுதிய தம் நூலில், ஆந்திரத்து ஊர்கள் சில தாமே வயற்காவலரையும் பொது நீர்பாய்ச்சிகளையும் அமர்த்தி, ஊராரே கூலி கொடுத்து நடத்திவந்ததை விவரித்தார். எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் பொதுவளங்கள் நீடிப்பதற்கான நெறிகளை வகுத்தபோது அவற்றுள் ஒன்று, கண்காணிப்பவர் பயன்படுத்துவோருக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும் என்பது. தமிழக ஏரிகளின் நீர்க்கட்டிகளும் விளைச்சலில் பங்கு பெற்று ஊருக்குப் பதில் சொன்னவர்கள்தாம். இன்றைய பூங்காப் பணியாளர் பெரும்பாலும் ஒப்பந்ததாரருக்குப் பதில் சொல்கிறார், ஒப்பந்ததாரர் பொறியாளருக்கு. பூங்காவுக்கு வருபவர் அந்த வரிசையில் எங்குமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பயன்படுத்துவோர் என்ற பெயரில் சங்கத்தின் நான்கு வீட்டுக்காரர்கள் மட்டும் பேசினால், பராமரிப்பாளர் அவர்களின் ஏவலாள் ஆவார். சேரிப் பிள்ளைகள் பந்தாடக் கூடாது, மதியம் எவரும் படுக்கக் கூடாது, இளஞ்சோடிகள் உட்காரக் கூடாது என்று விரட்டும் வேலை அவர் தலையில் விழும். எளியவரைக் கொண்டே எளியவரை வெளியேற்றும் இந்த ஏற்பாடு நம் நகரங்களில் புதிதல்ல. எந்த அதிகாரம் அவருக்கு உண்டு, எது இல்லை என்பதை எழுதி வாசலில் தொங்கவிடாத வரை இந்த ஆபத்து நீங்காது.

நிலமும் ஒரு கவலை. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகளைக் காக்க 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சிகள் தம் பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும், நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அக்கம்பக்கத்தார் நடத்திய வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் பூங்காவின் பக்கம் நின்றது. 'பராமரிப்பாளர் வீடு' என்று தொடங்கி வார்டு அலுவலகம், கிடங்கு என்று கட்டடம் வளர்ந்தால் இந்தப் பாதுகாப்புகளை நாமே உள்ளிருந்து குலைத்தவர்கள் ஆவோம்.

சென்னைக்கு எது பொருந்தும்?

அளவு பார்த்தே முடிவெடுக்க வேண்டும். திறந்தவெளி ஒதுக்கீட்டு விதியின்படி 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கு பொதுவுக்கு வர வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமும் கட்டலாம். 3,000-இல் கிடைக்கும் 300 சதுர மீட்டர் ஒன்றேகால் கிரவுண்டுக்குச் சற்று மேல். அதில் 300 சதுர அடி வீடு கட்டினால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விடும். இத்தகைய துண்டுப் பூங்காக்களுக்கு உள்ளே வீடு தேவையில்லை. நடந்து எட்டும் தொலைவிலுள்ள சில பூங்காக்களை ஒரு தொகுதியாக்கி, அவற்றில் பெரியதில் ஒரு குடும்பத்தைக் குடியமர்த்தலாம். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுந்தரம் பைனான்ஸ் பேணுவது போன்ற தத்தெடுப்பு ஏற்பாடுகள் நன்றாகவே நடக்கலாம். ஆனால் எல்லாப் பேட்டைக்கும் ஒரு நிறுவனம் கிடைக்காது.

பெரிய பூங்காக்களில் வீடு கட்டுவதானால் சில நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. பணியிடம் மாநகராட்சியின் நிரந்தரப் பணியிடமாக இருக்க வேண்டும். அவர் மனைவியோ கணவரோ வேலை செய்தால் அதற்குத் தனிச் சம்பளம் வேண்டும். வார விடுப்புக்கும் ஆண்டு விடுப்புக்கும் மாற்று ஆள் பெயரோடு குறிக்கப்பட வேண்டும். இரவில் எழுப்பினால் அது வேலை நேரம். வாஷர், பல்பு, தாழ்ப்பாள் போன்றவற்றை எவரிடமும் கேட்காமல் வாங்க அவர் கையில் ஒரு சிறு தொகை இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் அவரும் குழாயைத் துணியால் கட்டத்தான் முடியும். பணி முடிந்தாலும் வேறு வீடு தேட ஆறு மாத அவகாசம் தர வேண்டும். வாசல் பலகையில், பூங்காவைத் திறந்து வைத்தவரின் பெயருக்குக் கீழே அவர் பெயரும் எழுதப்பட வேண்டும்.

இந்த நிபந்தனைகளோடு என்றால் பூங்காவுக்குள் வீடு கட்டுங்கள். இவை இல்லாமல் என்றால் கட்டாதீர்கள். எட்டு மணி நேரத் தோட்டக்காரர் ஒருவரை நியமித்து, அவருக்கு முழுச் சம்பளம் கொடுங்கள்.